மெக்கானிக் இருந்தால் வேகாது

லிஃப்ட் மெக்கானிக் ஒரு வீட்டுக்குள் இருந்தால் அந்த வீட்டு அடுப்பில் எதுவும் வேகாது. தீ எரியும், தண்ணீர் சுடும், மூடியைத் திறந்தால் ஆவிகூட முகத்தில் அடிக்கும். காய் மட்டும் சந்தையிலிருந்து வந்த மாதிரியே கிடக்கும். நாற்பது வயதுவரை இது அவருக்கே தெரியாது. தனிக்கட்டை. மூன்று வேளையும் பொட்டலச் சாப்பாட்டை ஏதாவதொரு கட்டடத்தின் மோட்டார் அறையில் உட்கார்ந்து தின்றவர். ஊரில் லிஃப்டுகள் நிற்பதே சனி ஞாயிறில்தான் என்பது அவருடைய சூப்பர்வைசரின் நம்பிக்கை. விடுமுறை கேட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். அடுத்த மாதங்கள் அப்படியே வருஷங்களாயின. கடைசியில், மாமனார் வீட்டார் ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஒரு புது ஆள் வேலைக்குச் சேர்ந்து, ஞாயிறு வேலையைத் தனக்கே தரும்படி கெஞ்சியதால் மெக்கானிக்குக்கு விடுதலை கிடைத்தது.

அந்த விடுதலையில் அவர் செய்ய நினைத்தது ஒன்றே ஒன்று. பஸ் டிரைவர் வீட்டில் ஞாயிறுதோறும் கூட்டுச் சமையல் நடக்கும். டிரைவர், தையல்கடை அக்கா, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், மூவரும் அவருக்குப் பழைய சிநேகிதர்கள். சனிக்கிழமை சுற்று வட்டாரத்து விவசாயிகள் கூடும் சந்தைக்குப் போய், அன்று எது மலைபோலக் குவிந்திருக்கிறதோ அதை மட்டும் வாங்குவார்கள். நிலம் அந்த வாரம் எதைக் கொடுக்கிறதோ அதைத்தான் சாப்பிட வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். மறுநாள் மூவரும் அடுப்பைச் சுற்றி நின்று, உப்புக்கும் தீக்கும் சண்டை போட்டபடி அதைச் சமைப்பார்கள். சாப்பிடும் நேரத்தைவிட சண்டைக்குத்தான் நேரம் அதிகம். மெக்கானிக் அந்தச் சண்டைகளை லிஃப்ட் குழிக்குள் நின்று போனில் கேட்டுவந்தவர். தன் பக்கத் தீர்ப்பையும் அங்கிருந்தே சொல்வார்.

அவர் நேரில் வந்த முதல் ஞாயிறு பரங்கிக்காய்க் காலம். காலையில் ஏற்றிய பானை மதியம் தாண்டியும் கொதிக்கவில்லை. கண்ணாடிக்காரர் காயைக் குறை சொன்னார், டிரைவர் அடுப்பைக் குறை சொன்னார், சிலிண்டரை மாற்றியும் பயனில்லை. போனில் பேச மெக்கானிக் தெருவுக்குப் போனதும் பானை பொங்கி வழிந்தது. திரும்பி வந்தார், அடங்கியது. அடுத்த வாரம் அவரைக்காயிலும் அப்படி, அதற்கடுத்த வாரம் சோளத்திலும் அப்படி. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அதற்குப் பதிலாக உப்பு வாங்கிவரச் சொன்னார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். அடுத்தவர் மனம் நோகக் கூடாதென்று சொல்லும் பொய்யைக் கடவுள் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு வெயிலில் நடந்தவர் மெக்கானிக். பக்கத்துக் கடையில் உப்பு நன்றாக இல்லை, பெரிய கடைக்குப் போ என்பார்கள். போய் வருவதற்குள் எல்லாம் வெந்து, சண்டை முடிந்து, தட்டுகள் போட்டிருக்கும். அவர் உட்கார்ந்து சாப்பிடுவார். லிஃப்ட் குழியில் இருந்தபோதாவது சண்டை காதில் விழுந்தது என்று நினைத்துக்கொள்வார். கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார், மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தார், கும்பிடாத தெய்வமில்லை. வாசல் கேட்டைத் தாண்டினால்தான் வேகும் என்றாகிவிட்டது. டாக்டர் வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார். ஒரு வருஷம் இப்படியே கழிந்தது.

கத்தரிக்காய் குவிந்த ஒரு ஞாயிறில் அவர் வாங்கி வந்த உப்பை வைக்க அலமாரியைத் திறந்தார். உள்ளே மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுவரை உப்புப் பாக்கெட்டுகள், ஒன்றுகூடப் பிரிக்காமல். தட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்த டிரைவரின் கை அப்படியே நின்றது. கத்தரிக்காய் இன்னும் அரைவேக்காடு. மெக்கானிக் அன்று வேகமாக நடந்து வந்துவிட்டார்.

"எனக்கும் தெரியும்ணே," என்றார் மெக்கானிக். "நாளைக்கே சூப்பர்வைசர்கிட்ட பேசி ஞாயித்துக்கிழமை டியூட்டியை திரும்ப வாங்கிக்கிறேன். நீங்க நிம்மதியா சமைங்க. உப்பு இன்னும் ரெண்டு தலைமுறைக்கு வரும்."

சொல்லிவிட்டு கேட்டைத் தாண்டி, எதிரிலிருந்த பஞ்சர் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தார். உள்ளே பானை தளதளவென்று கொதிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை அவர்கள் மூவராலும் தாங்க முடியவில்லை.

முதலில் வெளியே வந்தவள் அக்கா. கையில் கரண்டி அப்படியே இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே மற்ற இருவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

"அக்கா, அடுப்புல பானை இருக்கு."

"இருக்கட்டும்டா. அதுக்கு வேகத் தெரியும். நீ சொல்லு, இப்ப உப்புப் போடலாமா, இன்னும் கொஞ்சம் போகட்டுமா?"

இப்போதே போட வேண்டும் என்றார் மெக்கானிக். தெரியாதவன் பேசக் கூடாது என்றார் கண்ணாடிக்காரர். கண்ணுக்குத் தெரியாத பானையைப் பற்றி நால்வரும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி சண்டை போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தீய்ந்த வாடை வந்தது. டிரைவர் பாதி எழுந்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். யார் எழுந்து போனாலும் அது இவனை விட்டுப் போவதாகும் என்று அவள் நினைத்தாள். அன்று அவர்கள் தின்ற கத்தரிக்காய் அடிப்பிடித்து, உப்பில்லாமல் கசந்தது. கசக்கிறது என்று நால்வரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

அதன்பின் எத்தனையோ பரங்கிக்காய்க் காலம் வந்து போய்விட்டது. மெக்கானிக் ஞாயிறு வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. காயை நால்வரும் சேர்ந்து நறுக்குவார்கள், பானையை ஏற்றுவார்கள், வெளியே வந்துவிடுவார்கள். பஞ்சர் கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துப் போட்டு வைப்பார். நல்ல காயெல்லாம் தன்னால் வீணாகிறதே என்று மெக்கானிக் இன்றும் வாரம் தவறாமல் புலம்புகிறார். புலம்பிக்கொண்டே, கரிபிடித்த பானையைத் தானே தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.