தீபத்துறை மண்டபத்துக்கு மூன்று பேர்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர் ஒரு தூண். தாமிரபரணிக் கரையில் தீபத்துறை மண்டபம் இருக்கிறதல்லவா, அதன் வடகிழக்கு மூலையில் நாயக்கர் காலத்திலிருந்து நின்றவர். விடுப்பில் வந்திருந்தார்.

தூண்களுக்குப் பெயர் வைக்கும் வழக்கமில்லை. நின்ற இடத்தை வைத்து ஈசானமூலை என்பார்கள். நாங்கள் சுருக்கமாக ஈசானம் என்று கூப்பிட்டோம்.

நல்ல குடித்தனக்காரர். சத்தம் கிடையாது. தண்ணீரும் அதிகம் செலவாகாது. படுத்துத் தூங்க மட்டும் தெரியாது. அறையின் மூலையில் நின்று, இரண்டு கைகளையும் தூக்கி மேல்தளத்தில் ஊன்றிக்கொண்டு கண்ணை மூடுவார். அவர் வந்த பிறகு வீடு ஒரு சாண் உயர்ந்துவிட்டது. வாசற்படி எட்டாமல் என் மனைவி கோமு முக்காலி போட்டு ஏறி இறங்கினாள். அதைப் பற்றி அவள் குறை சொன்னதே இல்லை. தையல் மிஷினைக்கூட மாடிக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம்.

எனக்கும் அவரைப் பிடித்திருந்தது. நான் பஸ் டிப்போவில் டயர் பிரிவில் இருக்கிறேன். அங்கே யாரும் என்னோடு டீ குடித்ததில்லை. ஈசானம் குடித்தார். நின்றுகொண்டே குடிப்பார். கோமு ஏதாவது கேட்டால் 'ம்' என்பதோடு சரி, அவரிடம் டயர்களைப் பற்றி நிறையச் சொல்வேன். அவர் பாரத்தைப் பற்றிச் சொல்வார். எனக்கு நாற்பது வயதுக்கு மேல் ஒரு நண்பர் கிடைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சொன்னார்.

"அண்ணாச்சி, ஒருதரம் எங்க மண்டபத்த வந்து பாக்கணும்."

"பாக்கலாமே."

"சும்மா சொல்லப்பிடாது. தேதி வைக்கணும்."

கோமு காலண்டரோடு வந்தாள். அதில் ஒரு தேதியைச் சுற்றி ஏற்கெனவே வட்டம் போட்டிருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"அன்னைக்குப் பால்காரர் வரமாட்டாரு" என்றாள்.

நான் நம்பினேன்.

அன்றிலிருந்து திட்டம் போட்டோம். ஈசானம் கூடத்துத் தரையில் சாக்கட்டியால் ஆற்றை வரைந்தார். படித்துறையை வரைந்தார். மண்டபத்தை வரைந்து அதன் ஒரு மூலையை மட்டும் வரையாமல் விட்டார். சாக்கட்டி ஆறு ஈரமாக இருந்தது. கோமு அதில் அரிசி களைந்தாள்.

பேசப் பேச ஆறு பக்கத்தில் வந்தது. முதலில் ஊருக்கு வெளியே இருந்தது. பிறகு டிப்போவுக்குப் பின்னால் வந்தது. கடைசியில் எங்கள் தெருமுனையில், ரேஷன் கடைக்கு எதிரே ஓடியது. நடந்தே போய்விடலாம் என்றேன்.

"பக்கத்துலதானன்னு நடந்தா தூரமாயிரும்" என்றாள் கோமு. "வேன் சொல்லியாச்சு."

ஈசானம் என்னிடம் சில விஷயங்கள் கேட்டார். வெளியூர் போவதற்கு முன் இதெல்லாம் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சிக்கு முழங்கால் எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு."

"புறா எச்சம் போட்டா கோவம் வருமா?"

"வராது."

"நாள்கணக்குல யாரும் பேசலன்னா?"

"அது பழக்கம்தான்."

ஈசானம் கோமுவைப் பார்த்தார். கோமு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்குப் புதுச் சட்டை தைக்கப் போவதாகச் சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் எனக்குச் சட்டை தைத்ததில்லை. ஊருக்கெல்லாம் தைப்பாள். நான் நிமிர்ந்து நின்றேன்.

"கைய மேல தூக்குங்க" என்றாள்.

"சட்டைக்கு எதுக்கு?"

"இப்ப இப்படித்தான் அளவெடுக்காங்க."

குதிகாலிலிருந்து உள்ளங்கை வரை அளந்தாள். அளவை வாய்விட்டுச் சொன்னாள். மாடியிலிருந்து ஈசானம், "சரியா இருக்கு" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மண்டபத்துக்குப் போன் செய்தேன். காவலாளி எடுத்தார்.

"யாரு பேசுதீங்க?"

"சங்கரலிங்கம். பஸ் டிப்போ. நாளைக்கு மண்டபம் பாக்க வாரோம்."

"எத்தன பேரு?"

"மூணு பேரு."

"திரும்பிப் போறது?"

"அதுவும் மூணுதான்."

கோமு என் கையிலிருந்து போனை வாங்கினாள். "ரெண்டு" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"ஏன் ரெண்டுன்ன?"

"ஒத்தப்படையில திரும்பினா விடமாட்டாங்க."

"போறதும் மூணு பேருதான?"

"போகும்போது யாரு பாக்கா?"

அவள் சொன்னதில் ஒரு தப்பும் தெரியவில்லை.

காலையில் வேன் வந்தது. ஈசானம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். கட்டம் போட்ட சட்டை. கச்சிதமாக இருந்தது. நான் கோமுவைப் பார்த்தேன்.

"உங்களுக்குத் துணி பத்தல" என்றாள்.

அவள் கூடையில் புளியோதரைப் பொட்டலம் இரண்டு இருந்தது. எனக்கு எங்கே என்றேன். அங்கே போனால் எனக்குப் பசிக்காது என்றாள். ஆற்றங்கரைக் காற்றுக்கு அப்படி ஒரு குணம் இருக்கலாம்.

வேன் ரேஷன் கடையைத் தாண்டவே மதியமாகிவிட்டது. தெரு நீண்டுகொண்டே போனது. ஒரே வீடு திரும்பத் திரும்ப வந்தது. அது எங்கள் வீடு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உயரம் குறைந்திருந்தது. தெரு முடிந்த இடத்தில் மண்டபம் நின்றது.

அழகான மண்டபம். மூன்று மூலையில் கல்தூண். நாலாவது மூலையில் தென்னந்தடியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கீழே ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

காவலாளி விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"வந்துட்டீரா? லீவு முடிஞ்சு ரொம்ப நாளாச்சு."

"ஆளு கொண்டாந்திருக்கேன்" என்றார் ஈசானம்.

காவலாளி என் நெஞ்சில் விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார்.

"வெடிப்பு ஒண்ணும் இல்லையே?"

"டயர் பிரிவு" என்றார் ஈசானம்.

"அப்பம் சரி."

எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஆனால் ஈசானம் என் தோளில் கை போட்டிருந்தார். இதற்கு முன் யாரும் என் தோளில் கை போட்டதில்லை.

"நான் எப்படி நின்னேன்னு காட்டுதேன், அண்ணாச்சி. இங்கன நில்லுங்க. கையத் தூக்குங்க. இன்னும் கொஞ்சம்."

தூக்கினேன். காவலாளி தென்னந்தடியை உதைத்துத் தள்ளினார். மேல்தளம் என் உள்ளங்கையில் இறங்கியது. முதலில் ஒரு டயர் மாதிரி இருந்தது. பிறகு பஸ் மாதிரி இருந்தது. பிறகு டிப்போ மாதிரி.

"புரிஞ்சுட்டு. நீங்க வாங்கிக்கிடுங்க" என்றேன்.

"இருங்க. தூரத்துலருந்து மட்டம் பாக்கேன்."

படிகளில் இறங்கிப் போனார். அங்கிருந்து பார்த்து, மட்டம் சரியாக இருப்பதாகச் சொன்னார். கோமு துண்டை விரித்துப் பொட்டலங்களைப் பிரித்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கோமு" என்றேன்.

"இந்தா வாரேன்."

"இத எடுக்கச் சொல்லு."

"கத்தாதீங்க. நாலு பேரு பாக்காங்க."

அங்கே நாலு பேர் இல்லை. மூன்று தூண்கள்தான் இருந்தன. அவள் ஆற்றில் கை கழுவினாள். கூடையை எடுத்துக்கொண்டாள்.

"ஈசானம்!" என்று கத்தினேன். "ஈசானம்! நாம டீ குடிச்சிருக்கோம்!"

அவர் திரும்பவில்லை.

"அவர ஏன்வே கூப்பிடுதீரு?" என்றார் காவலாளி. "இனிமே நீருதான் ஈசானம்."

வேன் கிளம்பியது. போகும்போது தெரு நீளவில்லை. உடனே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நின்ற இடத்திலிருந்தே எங்கள் வீட்டு மாடியில் விளக்கு எரிவது தெரிந்தது. என் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. தூண் வேர்த்தால் மழை வரும் என்று சொல்லிவிட்டுக் காவலாளி குடை எடுக்கப் போனார்.

பக்கத்துத் தூண் பேச்சுக் கொடுத்தது.

"உம்ம யாரு கொண்டுவந்தா?"

"கூட டீ குடிச்சவரு. என் பொண்டாட்டியும்."

"ரெண்டு பேரா? எனக்கு எங்க அண்ணன் மட்டுந்தான்."

"என்னைய யாரும் கொண்டுவரல" என்றது எதிர்த்த தூண். "மழைக்கு ஒதுங்கினேன்."

மூன்றாவது தூண் ஒன்றும் சொல்லவில்லை. அதனிடம் கேட்கக் கூடாது என்று பக்கத்துத் தூண் கண்ணைக் காட்டியது.

"கைய எடுத்தா என்ன ஆவும்?" என்று கேட்டேன்.

"விழும்."

"யாரு மேல?"

"உள்ள யாரு இருக்காவளோ அவுக மேல."

கோமுவும் அவரும் மண்டபத்துக்குள் வருவார்கள் என்று காத்திருந்தேன். புறாக்கள் வந்தன. எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லியிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருமுறை ஆற்றில் வெள்ளம் வந்து இடுப்பு வரை ஏறியது. யாரோ தொலைத்த கட்டில் ஒன்று என்மேல் மோதி, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனது. நான் காத்திருந்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் வந்தார்கள். ஊர்க்கூட்டத்தோடு கூட்டமாக வந்தார்கள். அவர் என் காக்கிச் சட்டையைப் போட்டிருந்தார். டிப்போவில் டயர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார் போல. நேராக என் நிழலுக்கு வந்து உட்கார்ந்தார்கள். கோமு என்மேல் சாய்ந்துகொண்டாள்.

இரண்டு பேரும் சரியாக மேல்தளத்துக்குக் கீழே இருந்தார்கள். நான் ஒரு விரலை எடுத்தேன். மேலே கல் முனகியது. இரண்டாவது விரலை எடுத்தேன். மற்ற தூண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டன.

அந்த நேரம் பார்த்து கோமு சிரித்தாள். அவர் ஏதோ சொன்னார், அதற்குச் சிரித்தாள். அவள் முதுகு என்மேல் இருந்ததால் சிரிப்பு எனக்குள் வந்து அதிர்ந்தது. இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. அவளிடம் அது இருந்தது என்றே எனக்குத் தெரியாது.

விரல்களைத் திரும்ப வைத்தேன்.

"எல்லாரும் பேரு எழுதுதாங்க. நாமளும் எழுதுவோம்" என்றாள்.

அவர் சாவியை எடுத்து என் விலாவில் செதுக்க ஆரம்பித்தார். காவலாளி தூரத்திலிருந்து விசில் அடித்தார். "ஈசானத்துல கிறுக்காதீங்க!"

"முடிஞ்சுட்டு, முடிஞ்சுட்டு" என்றார் அவர்.

கோமு வாசித்தாள். "சங்கரலிங்கம், கோமு."

வலித்தது. எழுத்துப் பிழை இல்லை.

அவர் வேனுக்குப் போனார். கோமுவும் போனாள். பிறகு தனியாகத் திரும்பி வந்தாள். செதுக்கிய இடத்தில் இருந்த கல்தூளை ஊதினாள். மிச்சத்தை முந்தானையால் துடைத்தாள்.

"ஏங்க" என்றாள்.

அங்கே வேறு யாரும் இல்லை. என்னைத்தான் கூப்பிட்டாள்.

"அவரு, கேட்டா பதில் சொல்லுதாரு. அதான்."

நின்றாள். போகவில்லை. என் முகம் இருக்கக்கூடிய இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன். மேலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்து அவள் தலையில் விழுந்தது.

அவள் அண்ணாந்து பார்த்தாள். தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "இந்தா வந்துட்டேன்" என்று வேனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.