உறுதிக்குப் பக்கத்தில் ரத்து

பட்டன் வைப்பதில் என்னை அடிச்சுக்க ஆளில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கண் மருத்துவமனைக்காக நான் வடிவமைத்த ஆப்பில் எழுத்தெல்லாம் வெளிர் சாம்பல். பட்டனெல்லாம் மெலிந்து ஒய்யாரமாக நிற்கும். ஆபீசில் கைதட்டினார்கள். அந்தத் திமிர் எனக்கு. எல்லோரும் பயன்படுத்தும்படி வடிவமைப்பது எப்படி என்று மேனேஜர் ஒரு பயிற்சி வகுப்புக்கு அனுப்பியபோது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தார். நாம் செய்ததை ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உதவக் கூடாது, வாயே திறக்கக் கூடாது. நானோ தூக்கத்தில்கூடப் பேசுகிற ஜாதி.

ஆள் வீட்டிலேயே இருந்தார். மாமனாருக்குக் கை நடுக்கம். தனியாக இருந்தவரை என் மனைவி இங்கே கூட்டி வந்து, அவர் வீட்டுச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவருக்கோ தன் வீடுதான் வேண்டும். அப்பாவும் மகளும் மல்லுக்கட்டி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கண் டாக்டரிடம் அவரே போனில் நேரம் பதிவு செய்துகாட்டினால் சாவி, இல்லையென்றால் இங்கேயேதான். அவர் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை. பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் வந்த நாள் முதல் டிவி ரிமோட் என் கைக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆப்பைத் திறந்து அவரிடம் கொடுத்துவிட்டு ஜம்பமாக உட்கார்ந்தேன். எதிரில் மனைவி. மாமா எழுத்தைத் தேடி ஜன்னலோரம் போனார். போனைச் சாய்த்தார், கண்ணாடியைத் துடைத்தார். எப்படியோ டாக்டரையும் நேரத்தையும் பிடித்துவிட்டார். கடைசியில் ‘உறுதி’ என்று ஒரு பட்டன். அதை ஒட்டியே, அண்ணன் தம்பி மாதிரி, ‘ரத்து’. விரல் நடுங்கி ரத்தில் விழுந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாம் அழிந்து முதல் பக்கம் வந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் ரத்து. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் போனை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

“விடும்மா. என் விரல்தான் சரியில்ல. நான் இங்கேயே இருந்துக்கறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. என் ஒய்யாரப் பட்டனிடம் ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்கிறாரே! வீட்டுப்பாடமாவது மண்ணாவது.

“விரல் நல்லாத்தான் இருக்கு மாமா. பட்டன்தான் தப்பு. அதை வச்ச மடையன் நான்.”

மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லிவருவதை நானே ஒப்புக்கொண்டுவிட்டேன் அல்லவா! பிறகு, சரி செய்து கொண்டுவாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றாள்.

வாயைத் திறந்ததற்காக டீச்சர் வீட்டுப்பாடத்தை மறுபடி செய்யச் சொன்னார். நான் எழுத்தைக் கருப்பாக்கினேன். பட்டனைத் தடியாக்கினேன். ரத்தைத் தூரத் தள்ளி, அழிப்பதற்கு முன் ஒருமுறை கேட்கவும் வைத்தேன். அழகே போச்சு என்று ஆபீசில் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன்.

சில வாரம் கழித்து மாமா அதே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். விரல் நடுங்கி பட்டனின் ஓரத்தில் போய் விழுந்தது. ஓரமும் பட்டன்தான். பதிவு உறுதியாகிவிட்டது என்று திரையில் வந்தது.

மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. மகளிடம் கையை நீட்டினார். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவள் கைப்பையைத் திறந்து, சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.