வளைவில்லாத பாதையில் கஜேந்திரன்

நடந்ததை ஒழுங்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். மோட்டார் சைக்கிள் சிவப்பா கறுப்பா என்பதுகூட இப்போது நிச்சயமில்லை. கஜேந்திரன் தூங்கினான் என்பது மட்டும் உறுதி.

மலையகத்துப் பொகவந்தலாவை பஜாரில் போன் திருத்தும் கடை வைத்திருந்த அவனுக்கு நுவரெலியாவில் ஒரு மோட்டார் சைக்கிள் கழகத்தில் சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்தால் முதுகில் கழுகு தைத்த தோல் ஜாக்கெட் கிடைக்கும். நிபந்தனை ஒன்றுதான்: வடகோடிப் பருத்தித்துறைவரை தன்னந்தனியாக ஓட்டிப் போக வேண்டும். பின்சீட்டில் யாரும் ஏறக் கூடாது.

'தனிமையில்தான் மனிதன் தன்னைக் கண்டுபிடிக்கிறான்' என்று முகநூலில் எழுதிவிட்டுப் புறப்பட்டான்.

"கண்டுபிடிச்சா கையோட கூட்டிக்கிட்டு வாங்க. கடையத் தெறக்க ஆளில்ல" என்றாள் மனைவி லோஜினி.

மலையில் அவன் சூரன். வளைவுக்கு வளைவு ஹோன் அடித்து, கியர் மாற்றி, சாய்ந்து நிமிர்ந்தே பழகிய உடம்பு. வவுனியா தாண்டியதும் வளைவுகள் தீர்ந்துபோயின. கைக்கும் வேலையில்லை, காலுக்கும் வேலையில்லை. பழக்கதோஷத்தில் வெட்டவெளியைப் பார்த்து இரண்டு முறை ஹோன் அடித்தான். மாங்குளத்துக்கு அப்பால் கண் சொருகியது. விழித்தபோது வயல் சேற்றில் கிடந்தான். வண்டிக்கு ஒரு கண்ணாடி மட்டும் போயிருந்தது.

குடையும் பையுமாக ஒரு வயதான பெண் குனிந்து பார்த்தாள்.

"தேயிலைத் தோட்டத்து ஆளா தம்பி?"

"எப்படிங்க தெரியும்?"

"இந்த வெயில்ல வேற யாரு ஸ்வெட்டர் போடுவா? நான் மீனம்மா. நானும் மலைதான், பூண்டுலோயா. கலவரத்துல இங்க வந்துட்டோம். எங்க வீட்டுக்காரரும் வந்த புதுசுல சைக்கிள்லயே தூங்கி விழுந்தவருதான்."

பருத்தித்துறையில் அவள் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. பஸ்ஸோ போய்விட்டது. அவள் பின்சீட்டைப் பார்த்தாள்.

"நான் பேசிக்கிட்டே வர்றேன். தூக்கம் வராது."

"யாரும் ஏறக் கூடாதுங்கம்மா. கழகத்துச் சட்டம்."

"அப்ப தூங்கிக்கிட்டே போங்க. இங்க வயலு, அடுத்தது கொளம்."

கஜேந்திரன் பாதையைப் பார்த்தான். அது கொஞ்சமும் வளைந்து கொடுக்கவில்லை. மீனம்மா ஏறிக்கொண்டாள்.

ஆனையிறவு வருவதற்குள் அவளுடைய தோட்டத்துப் பழைய கங்காணியும் மாமியாரும் பேசி முடிக்கப்பட்டார்கள். மிச்ச தூரத்துக்கு மருமகன் கிடைத்தான். பருத்தித்துறைக் கடலோரத்தில் கஜேந்திரன் தன்னந்தனியாக நிற்கும் படத்தை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். படத்தைக் கழகத்துக்கு அனுப்பினான்.

மீனம்மாவின் மகள் அன்று மாலையே முகநூலில் எழுதிவிட்டாள்: 'அம்மாவை மாங்குளத்திலிருந்து ஏற்றி வந்த பொகவந்தலாவை கஜேந்திரன் அண்ணனுக்குக் கோடி நன்றி.' கூடவே அம்மா பின்சீட்டில் குடையோடு உட்கார்ந்திருக்கும் படம்.

கழகம் அவனைச் சேர்க்கவில்லை. அடுத்த வருடம் அதுவே இரண்டாக உடைந்து, இரண்டிலும் இப்போது தலைவர்கள் மட்டும் இருக்கிறார்கள். மீனம்மா பேரனோடு மகள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். கஜேந்திரன் போன் திருத்துகிறான். லோஜினியை ஏற்றாமல் ஹட்டனுக்குக்கூட அவன் வண்டியை எடுப்பதில்லை.