ஆவுடையப்பன் பிழையில்லாமல் ஆடிய ஆட்டம்

கரிசல்பேட்டையில் யார் சதுரங்கம் ஆடினாலும், அந்த ஆட்டத்தை நகராட்சி எடுத்துக்கொண்டுபோய், கணினி ஆடியிருக்கக்கூடிய ஆட்டத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் ஓரிடத்திலாவது வேறுபட்டால் ஆடியவர் மனிதர். கடைசிவரை ஒன்றுபோலவே இருந்தால் ஆடியவர் கணினி. மனிதர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். கணினியை நகராட்சி வண்டி ஏற்றிக்கொண்டுபோய், சந்தைக்குப் பின்னால் இருக்கும் குடோனில் அலமாரியில் வைத்துவிடும். குடோன் நல்ல குடோன்தான். எலி கிடையாது.

ஊரில் இதைப் பற்றி யாருக்கும் பெரிய கவலை இருந்ததில்லை. பெரும்பாலோர் நாலாவது நகர்த்தலிலேயே மனிதராகிவிடுவார்கள்.

ஆவுடையப்பன் கதை வேறு. நூற்பாலைச் சங்கத்தின் செயலாளர் அவர். ஆலையை மூடி வருஷக்கணக்காகிவிட்டது. சங்கத்தை அவர் மூடவில்லை. பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை. துண்டறிக்கைகளைப் படித்துப் படித்து எழுத்துக் கற்றவர். அதனால் எதைப் படித்தாலும் கடைசியில் ஆச்சரியக்குறி இருக்கிறதா என்று பார்ப்பார். வாழ்நாளில் அவர் தவறு செய்ததில்லை. இதை அவரே ஆலை வாசலில் போட்ட பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறார். வேலைநிறுத்தம் தோற்றதென்றால் கருங்காலிகளால் தோற்றது. பேச்சுவார்த்தை முறிந்ததென்றால் முதலாளியால் முறிந்தது. ஆட்கள் சங்கத்தை விட்டுப் போனார்கள் என்றால் அது போனவர்களின் தவறு.

அப்படிப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை சங்கக் கட்டடத்தின் மாடியில், மிச்சமிருந்த ஒரே தோழரான மிக்கேலோடு ஆடி, வழக்கம்போல ஜெயித்தார். சங்கக் கட்டடத்து ஆட்டம் நகராட்சிக்குப் போனது அதுதான் முதல்முறை. மிக்கேல் மனிதர் என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது. ஆவுடையப்பனுக்குத் தகவல் சொல்ல நகராட்சி ஊழியர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். கையில் சாம்பல் நிறத்தில் ஒரு துணியுறை இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க கணினியாம். வெள்ளிக்கிழமை வண்டி வரும். அதுவரைக்கும் வெயில்ல திரிய வேண்டாம்" என்றார் ஊழியர்.

"என் ஆட்டத்துல ஒரு தப்புகூட இல்லைங்கிறீங்க?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"ஒண்ணுகூட இல்ல."

ஆவுடையப்பனுக்குப் பெருமையை அடக்க முடியவில்லை. மனைவி அரியநாச்சியைத் திரும்பிப் பார்த்தார். அவள் துணியுறையை வாங்கி, விளிம்பைத் திருப்பித் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் தச்சிருக்காக. தோள்பட்டைகிட்ட கொஞ்சம் பிடிக்கும்" என்றாள்.

மறுநாள் அவருக்குப் பசிக்கவில்லை. நெஞ்சுக்குள் சின்ன விசிறி ஒன்று ஓடுவதுபோல் மெல்லிய இரைச்சல் கேட்டது. அரியநாச்சி முதுகில் கைவைத்துப் பார்த்து, சூடாக இருக்கிறது என்று ஜன்னலைத் திறந்துவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் வந்து, தன் கைபேசிக்கு அவரிடம் மின்னேற்றிக்கொள்ளலாமா என்று மரியாதையாகக் கேட்டார். அதுவரை ஆவுடையப்பனுக்குக் கவலை வரவில்லை. மதியம் சோறு வடித்தவள் ஒரு தட்டை மட்டும் எடுத்து வைத்தபோதுதான் வந்தது.

"எனக்கு?" என்றார்.

"கணினிக்கு எதுக்குச் சோறு? வீணாக்கவா?" என்று சொன்னவள், தானும் சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தை ஒருதடவை துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்தக் குடோன்ல பக்கத்துல யாரையும் உக்காரவிடுவாகளா?"

"அலமாரின்னு சொன்னாங்க."

"அப்ப மறு ஆட்டம் கேளுங்க. கேட்டு, நடுவுல ஒரு தப்பைச் செஞ்சுட்டு வாங்க. ஊருல அத்தனை பேரும் செய்றதுதானே. உங்களுக்கு மட்டும் கை வராதோ?"

மறு ஆட்டம் கேட்க உரிமை உண்டு. ஆனால் வேண்டுமென்றே செய்யும் தவறு செல்லாது. எளிய நிலையில் வைத்தால் கணினியும் வேண்டுமென்றே தப்பாக ஆடும்; அதனால் அது மனிதனாகிவிடுவதில்லை. இந்த விதியை விளக்கியவர் மிக்கேல். செய்தி கேட்டு வந்தவர், வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"தோழர், ஆயுசு பூரா உங்ககிட்டத் தோத்தவன் நான். தோக்கிறதுன்னா என்னன்னு இந்த ஊர்ல எனக்குத்தான் தெரியும். ஒரு நாள் டயம் குடுங்க, கத்துத் தாரேன்."

"வேண்டாம் மிக்கேல். உம்மகிட்டக் கத்துக்கிற நிலைமை எனக்கு இன்னும் வரலை."

"அதான் அலமாரி தயாரா இருக்கு" என்று சொல்லிவிட்டு மிக்கேல் வெற்றிலைச் சாற்றைத் தள்ளிப்போய்த் துப்பினார்.

வியாழக்கிழமை காலை ஆவுடையப்பன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ஒப்பீட்டு அலுவலகத்துக்குப் போனார். அரியநாச்சியும் கூடப் போனாள். மிக்கேல் வேடிக்கை பார்க்கப் போனார். அலுவலகத்தின் முன்னால் வேப்பமரத்தடியில் வேறு பலரும் நின்றார்கள். சங்கம் கூட்டம் போட்டால் எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

ஒப்பீட்டு அலுவலர் சுகந்தி இளம் பெண். எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். மேசையில் பலகை விரித்திருந்தது. எதிர் நாற்காலியில் கணினி இருந்தது. முறை எளிமையானது. யாருடைய முறை வந்தாலும், அந்த இடத்தில் என்ன ஆட வேண்டும் என்பதைக் கணினி முதலிலேயே ஒரு துண்டுத்தாளில் அடித்துச் சுகந்தியிடம் கொடுத்துவிடும். ஆவுடையப்பன் முறைக்கும் கொடுக்கும். தன் முறைக்கும் கொடுக்கும். பிறகு காய் நகரும். சுகந்தி தாளையும் பலகையையும் பார்த்துத் தலையசைப்பாள்.

ஆவுடையப்பன் குதிரையை எடுத்தார். சுகந்தி தலையசைத்தாள். மந்திரியை நகர்த்தினார். தலையசைத்தாள். ராஜாவை ஓரம் கட்டினார். தலையசைத்தாள். சுவரோரம் நின்ற அரியநாச்சி, ஒவ்வொரு தலையசைப்புக்கும் சேலைத் தலைப்பை விரலில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். ஆவுடையப்பனின் நெஞ்சிலிருந்த இரைச்சல் அறை முழுக்கக் கேட்டது. எதிர் நாற்காலியிலிருந்தும் அதே இரைச்சல் வந்தது. இரண்டும் சுருதி சேர்ந்துவிட்டன.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிக்கேல், "என்ன தோழர், கூடப் பொறந்த மாதிரி ஆடுறீங்க" என்றார்.

"வெளிய நில்லும்வே" என்றார் ஆவுடையப்பன்.

காய்கள் குறைந்துகொண்டே வந்தன. ஆவுடையப்பனின் சிப்பாய் ஒன்று, யார் கண்ணிலும் படாமல் ஓரமாகவே நடந்து, எதிராளியின் கடைசி வரிசையில் போய் நின்றது. கணினி துண்டுத்தாளை அடித்து நீட்டியது. சுகந்தி வாங்கிக்கொண்டாள். சிப்பாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ராணியை வைக்க வேண்டும், வைத்தால் ஜெயித்துவிடலாம். சிறுபிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

ஆவுடையப்பன் சிப்பாயை அப்படியே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

சங்கக் கட்டடத்தில் எப்போதுமே அப்படித்தான். அங்கே எந்தச் சிப்பாயும் ராணியாவதில்லை. எந்திரத்தடியிலிருந்து ஒருவனை எடுத்து மேஸ்திரியாக்கினால், மறுநாள் அவன்தான் நம்மை முதலில் விரட்டுகிறான். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஆடிய பலகை அது. முதல்முறை ஆடியவர்கள் கோபத்தில் அப்படி ஆடினார்கள். பின்னால் வந்தவர்கள் அதுதான் ஆட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை ஆட்டம் சிப்பாய் அவ்வளவு தூரம் போகுமுன்பே முடிந்துபோனதால், நகராட்சிக்கு இது தெரியாது.

"ராணி வேண்டாமாய்யா?" என்று சுகந்தி கேட்டாள்.

"வேண்டாம்."

"யானை? குதிரை? எது வேணும்னாலும் ஆக்கிக்கலாம்."

"எதுவும் வேண்டாம்மா. அவன் தொழிலாளி. போன இடத்துலயும் தொழிலாளியாத்தான் நிப்பான்."

"இதனால தோத்துப்போவீங்களே."

"அது எங்களுக்குப் பழக்கம்தான்."

சுகந்தி துண்டுத்தாளை மறுபடி படித்தாள். கணினியின் இரைச்சல் நின்றுபோயிருந்தது. டீ வந்தது. ஆவுடையப்பனுக்கு வைக்கலாமா என்று டீக்காரர் தயங்கி, சுகந்தியின் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. இது தப்புன்னு தெரிஞ்சே செஞ்சீங்களா?"

ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. "தப்பா? சரின்னு தெரிஞ்சு செஞ்சது."

சுகந்தி பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். "சரின்னு நினைச்சுச் செய்றதுக்குப் பேருதான்யா தவறு. தப்புன்னு தெரிஞ்சு செஞ்சா அது நடிப்பு. நீங்க மனுஷர்தான். அவருக்கும் ஒரு டீ வைங்க."

அரியநாச்சி விரலிலிருந்த தலைப்பை அவிழ்த்தாள். ஆனால் காரியம் முடியவில்லை. கணினி என்று ஒருமுறை அறிவிக்கப்பட்டவர் மறுபடி மனிதராக வேண்டுமென்றால், வாசலில் வைத்திருக்கும் மைக்கில், ஊர் கேட்க, 'நான் தவறு செய்துவிட்டேன்' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை அவர் கணினிதான்.

"கொள்கைன்னு சொல்றேன்" என்றார் ஆவுடையப்பன்.

"கொள்கைன்னா யாரோ உள்ள எழுதி வச்சதுன்னு ஆயிரும். அது கணினிக்கும் உண்டுய்யா."

"நிலைப்பாடு."

"ஆகாது."

"வரலாற்றுச் சூழல்."

"தவறுன்னுதான் சொல்லணும்யா."

ஆவுடையப்பன் டீயைத் தொடவில்லை. எத்தனையோ ஒப்பந்தங்களில் கமாவைக்கூட விட்டுக்கொடுக்காதவர் அவர். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்படின்னா வண்டியை வரச் சொல்லுங்க" என்றார். நெஞ்சில் விசிறி வேகமாகச் சுழன்றது.

அரியநாச்சி கிட்டே வந்தாள். அழவில்லை. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள், பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "நீங்க போகணும்னா போங்க. உறையைத் தோள்ல பிரிச்சுத் தச்சுத் தாரேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிடுங்க. குடோன்ல மைக் கிடையாது."

ஆவுடையப்பன் சிப்பாயைப் பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார்.

மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார். தொண்டையைச் செருமினார். உலகத்தில் உழைப்பவனுக்கும் உறிஞ்சுபவனுக்கும் பகை தோன்றிய காலத்திலிருந்து ஆரம்பித்தார். நூல் விலை, பஞ்சு விலை, ஆலை மூடியது, கருங்காலிகள், அவர்களின் பெயர்கள் என்று எல்லாம் வந்தது. கூட்டம் பொறுமையாக நின்றது. வேப்பமர நிழல் நகர்ந்தது. கூட்டமும் அதோடு நகர்ந்தது. கடைசியில், வேறு எதையோ பேசப்போவதுபோலக் குரலைத் தாழ்த்தி, "ஆகவே தோழர்களே, நான் தவறு செய்துவிட்டேன்" என்றார்.

எட்டு மணி நேர வேலைக்காக அவர் பேசியபோது கைதட்டாத ஊர் அது. அன்று அப்படிக் கைதட்டியது. மிக்கேல் விசிலடித்தார். "இன்னொருக்கச் சொல்லுங்க தோழர், சரியாக் கேக்கலை!" என்று கத்தினார்.

ஆவுடையப்பன் இன்னொருமுறை சொன்னார். முதல்முறையைவிட இரண்டாவது எளிதாக வந்தது. இடுப்பில் இறுக்கிக் கட்டிய வேட்டியைத் தளர்த்திவிட்டதுபோல இருந்தது. நெஞ்சிலிருந்த விசிறி இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றி நின்றது. உடனே பசித்தது, இரண்டு நாள் பசி. உள்ளே வந்து, ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார். அரியநாச்சி முதுகில் கைவைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது, கொஞ்சம் வேர்த்துமிருந்தது. வீட்டில் சாளைக் கருவாடு இருக்கிறது என்றாள்.

கிளம்பலாம் என்று திரும்பியபோது, "ஐயா, ஒரு நிமிஷம்" என்றாள் சுகந்தி.

அவர்கள் வெளியே இருந்த நேரத்தில் கணினி தன் காயை நகர்த்தியிருந்தது. முறைப்படி துண்டுத்தாளையும் முதலிலேயே அடித்துக் கொடுத்திருந்தது. யானையால் சிப்பாயை வெட்ட வேண்டும் என்று தாளில் இருந்தது. பலகையில் யானை நகரவில்லை. கணினி தன் ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்து, சிப்பாய்க்குத் தாராளமாக இடம் விட்டிருந்தது.

சுகந்தி தாளையும் பலகையையும் பார்த்தாள். கணினியின் ஆட்டம் கணினியின் ஆட்டத்தோடு ஒத்துப்போகவில்லை. விதி ஒன்றுதான். அவள் கணினியின் முன்னால் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள்.

"இதுக்குப் போக வீடு கிடையாது. கூட ஆடினவங்கதான் கூட்டிட்டுப் போகணும். என்ன உறவுன்னு சொல்லட்டும்?"

ஆவுடையப்பன் யோசித்தார். அரியநாச்சி யோசிக்கவில்லை. "கொழுந்தன்னு சொல்லுங்க. இவருக்கு இளையது" என்றாள்.

மூவரும் பஸ் ஏறினார்கள். ஊரைப் பார்த்ததில்லை என்பதால் அதற்கு ஜன்னலோர இடம் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஆவுடையப்பன், இது ஆலை, இது கேட், இங்கேதான் தடியடி என்று காட்டிக்கொண்டு வந்தார். சொல்லச் சொல்லக் காற்று முகத்தில் அடித்தது. அவருக்குச் சுகமாக இருந்தது. கண்மாய்க்கரை தாண்டியதும் அது அவர் தோளைத் தொட்டது. ஆவுடையப்பன் புரிந்துகொண்டு கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர் விசில் ஊதினார்.

"சீக்கிரம் வரச் சொல்லுங்க, டயம் ஆச்சு" என்றார் டிரைவர்.

அது இறங்கிக் கருவேலம் புதர்ப் பக்கம் ஒதுங்கியது. பஸ் நின்றது. கொழுந்தன் ஆயிற்றே என்று அரியநாச்சி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.