மேஸ்திரி ஷெட்டின் ஓட்டத் தூரம்

மேஸ்திரிக்குப் பேச்சு வரவில்லை, வந்ததெல்லாம் வசவுதான். பஸ் கம்பெனியின் ஷெட்டுகளிலேயே அவர் ஷெட்டில்தான் பழுது அதிகம், அதை மூடிவிடலாம் என்று ரிப்போர்ட் தயாராகி இருந்தது. வேறு யாராவது எழுதியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார். எழுதியது அவருடைய மருமகள். கம்பெனியின் புள்ளிவிவரப் பிரிவில் அவளுக்கு வேலை. சாயங்காலம் அது மேலே போகிறது.

மத்தியானமே அவள் மேசைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் கிரீஸ் கூடக் கழுவவில்லை.

"எங்க பஸ்ஸுங்க மத்த ஷெட்டு பஸ்ஸைவிட ரெண்டு மடங்கு ஓடுது. பழுதாகாம பூஜையறையிலயா நிக்கும்?"

"தூரத்தையும் சேர்த்துத்தான் கணக்கு போட்டிருக்கேன் மாமா. அதுக்குன்னு ஃபார்முலாவுல தனியா ஒரு ஃபங்ஷன், ஒரு கட்டளை மாதிரி, இருக்கு. ஓட்டம் கூடுனா பழுதும் அந்த அளவுக்குக் கூடும்னு அது தானா வச்சுக்கும்."

"வச்சுக்கிச்சா?"

அவள் எரிச்சலோடு திரையைத் திருப்பிக் காட்டினாள். காட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். முடிவுப் பட்டியலில் தூரத்துக்கென்று தனி மதிப்போடு ஒரு வரி இருந்தது. அந்த ஃபங்ஷன் வேலை செய்திருந்தால் அந்த வரியே வந்திருக்கக் கூடாது.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி?"

"எந்த ஃபங்ஷனை எழுதுனாலும் அது எந்த பேக்கேஜ்லேருந்து வருதோ அந்தப் பேரை முன்னாடி போடணும்னு ஆபீஸ்ல சட்டம். போட்டேன். ஆனா ஃபார்முலா மொட்டைப் பேரை மட்டும்தான் தேடும் போல. அடையாளம் தெரியாம, தூரத்தையும் சாதாரண விவரமா எடுத்துக்கிட்டு, அதுக்கு எவ்வளவு மதிப்புன்னு தானே முடிவு பண்ணிடுச்சு."

"வீட்டு விலாசத்தோட வந்தவனை யாருன்னு தெரியலைன்னு வெளிய நிறுத்திட்டானா? தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலையா?"

"அதுக்குத் தப்பாவே தெரியல மாமா."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். நட்டு கழன்றால் கடகடவென்று சத்தமாவது கேட்கும். இது வாயை மூடிக்கொண்டே ஒரு ஷெட்டை விழுங்கப் பார்த்ததே!

அவள் பேக்கேஜ் பேரை அழித்தாள். ஆபீஸ் கம்ப்யூட்டரின் சோதனை, அவள் எழுதியது சட்டப்படி இல்லை என்று திருப்பி அனுப்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு தூரத்தை ஃபார்முலாவை விட்டே வெளியே எடுத்து, தனி இடத்தில் கொடுத்தாள். இந்தத் தடவை உள்ளே விட்டது. பட்டியலில் மேஸ்திரி ஷெட் நடுவில் போய் நின்றது. மூட வேண்டிய அளவுக்கு எந்த ஷெட்டும் மோசமில்லை.

"தப்பிச்சோம் மாமா."

அவர் முகத்தில் சிரிப்பு வரவில்லை. நேற்று அவரைக் கெட்டவன் என்ற அதே பெட்டி இன்று நல்லவன் என்கிறது. இதற்குப் பல்லைக் காட்டுவதா?

"ஏம்மா, போன வருஷம் ஆத்தோர ஷெட்டை மூடுனாங்களே. அதுக்கும் இப்படித்தான் எழுதுனியா?"

அவள் பழைய கோப்பைத் தேடித் திறந்தாள். அதிலும் அந்த ஃபங்ஷனுக்கு முன்னால் அதே பேக்கேஜ் பேர் இருந்தது.

"அந்த இடத்தை வித்துட்டாங்க மாமா."

"தெரியும். அதையும் சேர்த்து ரிப்போர்ட்ல எழுது" என்றார் மேஸ்திரி. "எழுதி முடிக்கிற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."