செவ்வாய்க்கிழமை அபிப்பிராயம்

ஞாயிற்றுக்கிழமை சூலூரில் தறி ஓடாது. தறி ஓடாத நாளில் சென்னிமலை சினிமாவுக்குப் போவார், அதுவும் சிரிப்புப் படத்துக்கு மட்டும். வீட்டுக்கு வீடு கேபிள் வயர் தொங்கத் தொடங்கிய அந்த வருடங்களிலும் கொட்டகைக்குப் போவதை அவர் விடவில்லை. ஆனால் படம் எப்படி என்று ஞாயிறு மாலை கேட்டால் சொல்லமாட்டார், திங்கட்கிழமை கேட்டாலும் சொல்லமாட்டார். செவ்வாய்க்கிழமை காலை பேக்கரியில் டீயை வாங்கி இரண்டு மடக்கு குடித்த பிறகுதான் வாய் திறப்பார்.

அந்த அபிப்பிராயத்துக்காகவே நாலு பேர் காத்திருப்பார்கள். நாயகன் சாணியில் மூன்று முறை வழுக்கி விழுந்த படத்தைப் பற்றி, முதல் தடவை சிரிப்பு வந்தது, மூன்றாம் தடவை இடுப்பு என்னவாயிற்றோ என்று கவலைதான் வந்தது என்றார். இரண்டு வீடு வைத்திருப்பவன் பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கிய படத்துக்கு, முதல் பொய்யையே சொல்லாதிருந்தால் அவன் இடைவேளைக்குள் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பான், படம் எடுத்தவர்தான் தெருவுக்கு வந்திருப்பார் என்றார். காது கேளாத மாமனாரை வைத்து அரைமணி நேரம் சிரிக்க வைத்த படத்துக்கு மட்டும், "அது வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். யாரும் தலைகுனியாமல் வரும் சிரிப்புத்தான் சிரிப்பு என்பது அவர் கட்சி.

இரண்டு நாள் யோசித்துப் பேசுகிற நிதானஸ்தர் என்று ஊர் அவரை மெச்சியது. உண்மை வேறு. இருபத்தைந்து வருடம் தறிக்குடோனில் நின்றதில் அவர் காது போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் பார்ப்பதெல்லாம் வெறும் படம்; முகம் மாறி மாறி வரும் திரையில் உதட்டில் பிடிபடுவது நாலு சொல்தான். திங்கட்கிழமைதான் பக்கத்துத் தறிக்காரர் நரசிம்மலு அந்தப் படத்தின் வசனங்களை ஒன்றுவிடாமல் சொல்வார். தறிச் சத்தத்தில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. குடோனில் எல்லோரும் உதடு பார்த்துப் பேசிப் பழகியவர்கள். அங்கே சென்னிமலைக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. ஒரு நாள் தாமதமாக, தறிக்கு முன்னால் நின்றுகொண்டு வயிறு குலுங்கச் சிரிப்பார்.

இது மனைவி பாவாத்தாளுக்கும் மகள் கோகிலாவுக்கும் தெரியும். நரசிம்மலுவுக்கும் தெரியும், ஆனால் தெரிந்ததாக அவர் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

கோகிலாவுக்குப் பவானியில் மாப்பிள்ளை அமைந்தது. மருதமலை முருகனிடம் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை நிச்சயம். அதற்கு முன்பே காது விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று பாவாத்தாள் பலமுறை சொன்னாள். சென்னிமலைக்கு மனம் வரவில்லை. அந்தப் படத்து மாமனாரையும், கொட்டகையே அதிர்ந்த சிரிப்பையும் நினைத்துப் பார்த்தார். செவிட்டுச் சம்பந்தி என்று பெயராகி, அதற்காக மகளை யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால்? கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்.

நிச்சயச் சேலை எடுக்க ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா சாமியாத்தாளும் அவள் கணவரும் கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரம் வந்தார்கள். சென்னிமலையும் மனைவி, மகளோடு அங்கே போயிருந்தார். சேலை எடுத்ததும் அவள் கணவர் நூல் வியாபாரி ஒருவரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பெண்ணின் அப்பா சினிமாவில் கெட்டிக்காரர் என்று தரகர் சொல்லியிருந்ததை சாமியாத்தாள் மறக்கவில்லை. புதிதாக வந்திருக்கும் சிரிப்புப் படத்துக்கு எல்லோரும் போவோம் என்றாள். மறுக்க சென்னிமலைக்கு வழி தெரியவில்லை.

கொட்டகையில் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கும்போது சிரித்துச் சமாளித்தார். அது அவருக்குக் கைவந்த வித்தை. இடைவேளைக்குப் பிறகுதான் சறுக்கியது. மகனைக் காணோம் என்று தாய் அழும் காட்சி. கொட்டகையே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. தாய்க்குப் பின்னால், கூட்டத்தோடு கூட்டமாக, நகைச்சுவை நடிகர் சோக முகத்துடன் நின்றிருந்தார். அவர் உதடு அசைந்தது. பக்கத்தில் நின்றவரிடம், "சாப்பாடு எப்பங்க போடுவாங்க?" என்று கேட்கிறார். படம் பிடித்த இடத்தில் உண்மையாகவே கேட்ட கேள்வி. பின்னால் குரல் சேர்த்தபோது அதை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. தறிக்காரர் கண்ணுக்கு அது தப்புமா? சென்னிமலை தன்னை மறந்து உரக்கச் சிரித்துவிட்டார்.

முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாமியாத்தாளும் கண்ணைத் துடைத்த முந்தானையோடு அவரைப் பார்த்தாள்.

படம் முடிந்து ஹோட்டலில் உட்கார்ந்தபோது அவர், முருகா, எப்படியாவது இந்த ஒரு மணி நேரத்தைக் கடத்திவிடு என்று வேண்டிக்கொண்டார். சாமியாத்தாள் நேராக அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"ஏனுங்ண்ணா, அந்தப் பொம்பள அப்படி அழுகறா, நீங்க எதுக்குங்க சிரிச்சீங்க?"

அவர் வாய் திறப்பதற்குள் பாவாத்தாள் முந்திக்கொண்டாள். இவருக்குத் திடீரென்று பழைய ஞாபகம் எதாவது வந்துவிடும், எங்கள் கல்யாணத்தில் நடந்த கூத்து ஒன்றை நினைத்திருப்பார் என்று என்னவோ சொன்னாள். சென்னிமலை அவள் உதட்டைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவள், கடைக்காரர் தவறிக் கூடக் கொடுத்த எட்டணாவைத் திருப்பிக் கொடுக்க வெயிலில் நடந்தவள், அவருக்காக ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அவ சொல்றது நெசமில்லீங்க சம்பந்தியம்மா," என்றார். "எனக்குக் காது கேக்காதுங்க. தறிச் சத்தத்துல போயிருச்சுங்க. சொல்லாம மறைச்சது என்ற தப்புத்தானுங்க."

பிறகு உதடு பார்க்கும் பழக்கத்தையும், நடிகர் சாப்பாடு கேட்டதையும் சொன்னார். கோகிலா தலைகுனிந்து தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமியாத்தாள் கையிலிருந்த தோசைத் துண்டைத் தட்டில் வைத்தாள்.

"அப்பக் காத்தால இருந்து நான் பேசுனதெல்லாம்?"

"மொகம் பாத்துப் பேசுனதெல்லாம் தெரிஞ்சுதுங்க. சேலைக் கடைல அந்தப் பக்கம் திரும்பிப் பேசுனது தெரியலீங்க."

"அதுவரைக்கும் நல்லதுங்க," என்றாள் அவள். "உங்க புள்ள எடுத்த கலரப் பத்திக் கொஞ்சம் மொனகிப்போட்டேன்."

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமியாத்தாள் அவள் பக்கம் திரும்பி, "நல்ல கலருதான் கண்ணு, எனக்குத்தான் கண்ணு பத்தல," என்று சொல்லிவிட்டு, மறுபடி சென்னிமலைக்கு நேராக வந்தாள். முன்பே சொல்லியிருக்கலாம் என்று அவள் குறைப்படாமல் இல்லை. ஆனால் குறையை ஒரு வாக்கியத்தோடு முடித்துக்கொண்டு வேலையைப் பற்றிப் பேசினாள்.

"எங்கூட்டுக்காரருகிட்ட நானே சொல்லிப்போடறேனுங்க. மண்டபத்துல மேளம் அடிக்கறப்ப, சடங்கு நடத்தற அருமைக்காரரு சொல்றது எங்களுக்கே கேக்காது. உங்களுக்கு எதிர்ல ஒருத்தர நிறுத்தோணும். என்ற பையனுக்கும் சொல்லி வெக்கறேன், மாமனாருகிட்டப் பேசறப்ப மொகங்காட்டிப் பேசுடான்னு."

பாவாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சென்னிமலை அவளைப் பார்த்துக் கைகூப்பினார். கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காத ஒன்றைத் தந்த முருகனை நினைத்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து ஒரு பாரம் இறங்கிப் போனது.

"சரிங்ண்ணா, படம் எப்படீன்னு சொல்லுங்க," என்றாள் சாமியாத்தாள்.

அது செவ்வாய்க்கிழமைதான் தெரியும் என்றார் அவர். ஏன் என்று பாவாத்தாள் விளக்கினாள். நரசிம்மலு கதை முழுதும் கேட்ட சாமியாத்தாள், அத்தனை நாள் எதற்கு, நான் இப்போதே சொல்கிறேன் என்று ஆரம்பித்தாள். திருடன் போலீஸ்காரர் வீட்டிலேயே வாடகைக்குக் குடிவரும் இடத்தைச் சொல்லத் தொடங்கியதும் அவளுக்கே சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. தோள் குலுங்கியது, பாதிச் சொல் வாய்க்குள்ளேயே நின்றது.

"சிரிச்சுக்கிட்டே சொன்னா உதடு புடிபடாதுங்க," என்றார் சென்னிமலை.

அவள் தண்ணீர் குடித்தாள். நாற்காலியை வெளிச்சத்துக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள். முகத்தைச் சிரமப்பட்டு நிதானமாக்கிக்கொண்டு, தோசை ஆறுவதைப் பார்க்காமல், முதல் காட்சியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.