உறைக்குள் போன பினாட்டு

"உன்ர படம் எடுபட்டா என்ர மீன்பிடிக்கிற போட்டில என்ன வேணுமெண்டாலும் கீறு. எடுபடாட்டி, இனி இந்த வீட்டுச் சுவரில ஒரு கோடும் இருக்கப்படாது. சரியோ?" என்றான் மில்ரன்.

"சரி," என்றாள் நிறஞ்சலா. "மாதா சாட்சி."

"மாதாவை ஏன் இதுக்குள்ள இழுக்கிறாய்?"

"அப்ப நான் சாட்சி!" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அது பக்கத்து வீட்டு ஹமீதா; இவர்களுக்கு அக்கா முறையில் 'ராத்தா'. "எல்லாத்தையும் கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்."

"நீங்கள் எப்பதான் கேக்காமல் நிண்டனீங்கள், ராத்தா?" என்றான் மில்ரன்.

ஓலைத்தொடுவாயில் அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு பனையோலை வேலி மட்டும்தான். மில்ரன் கடலுக்குப் போகிறவன். அவன் மனைவி நிறஞ்சலா கையில் கரித்துண்டு அகப்பட்டாலும் போதும், ஆட்களைக் கேலியாக வரைந்துவிடுவாள். ஊரில் அதற்கு யாரும் சிரித்ததில்லை. வரையப்பட்டவர் கோபித்தார், மற்றவர்கள் அடுத்தது தாங்களோ என்று பயந்தார்கள். பெருநாளுக்கு மாதா கோவில் அறிவித்தல் பலகையில் சபைச் செயலாளர் கொலின்சின் வயிற்றைச் சற்றுத் தாராளமாக வரைந்ததிலிருந்து, அவர் இவர்கள் வீட்டைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்ப்பதாகப் பாவனை செய்வார். கடல் மறுபக்கம் இருந்தாலும்.

முகம் தெரியாத ஒருவராவது தன் படத்துக்குச் சிரிக்க வேண்டும். நிறஞ்சலாவுக்கு அவ்வளவுதான் ஆசை.

அந்தப் பந்தயத்துக்குக் காரணமான படப் போட்டியைக் கண்டுபிடித்தவள் ஹமீதாவின் மகள் றுமைஸா. "அன்ரி, போர்த்துக்கல்லில ஒரு கடற்கரைப் பட்டினத்தில சர்வதேசக் கேலிச்சித்திரப் போட்டியாம். தலைப்பு 'அயலவர்'. வசனம் இருக்கக்கூடாது. படத்தைத் தபாலில அனுப்ப வேணும்."

"அயலவரோ?" நிறஞ்சலா வேலியைப் பார்த்தாள். வேலிக்கு மேலால் ஹமீதாவின் தலை தெரிந்தது. "இதுக்கு யோசிக்கவே வேண்டாம்."

அவள் வரைந்தது கோப்பையை. நீலப்பூப் போட்ட அந்தக் கோப்பை யாருடையது என்று இப்போது இரண்டு வீட்டாருக்கும் தெரியாது. நோன்புக் கஞ்சியோடு அந்தப் பக்கத்திலிருந்து வரும். வெறுங்கோப்பையைத் திருப்பிக் கொடுப்பது முறையல்ல; ஆகவே மீன்பொரியலோடு போகும். பிறகு வட்டிலப்பம். பிறகு நத்தார்ப் பலகாரம். இப்படியே வருடக்கணக்காக ஓய்வில்லாமல் போய்வருகிறது. படத்தில் இரண்டு பெண்களும் கிழவிகளாகி, கூன் விழுந்து, வேலி உக்கிப்போய், அப்போதும் இல்லாத வேலிக்கு மேலால் எக்கி எக்கிக் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்ர மூக்கு இவ்வளவு நீட்டோ, புள்ள?"

"வேலிக்கு இங்கால எட்டிப் பாக்க அவ்வளவு வேணும், ராத்தா."

றுமைஸா மன்னார்ப் பட்டினத்தில் வேலை செய்கிறவள். உறையைத் தன் வீட்டில் வைத்து ஒட்டி, வேலைக்குப் போகும் வழியில் தபால் கந்தோரில் கொடுப்பதாக வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த நாள் கோப்பை வேலிக்கு மேலால் வந்தபோது ஹமீதா சந்தோசமாகச் சொன்னாள்:

"ஒண்டுக்கும் யோசியாத. நான் முறைப்படிதான் அனுப்பினனான்."

"என்ன முறை?"

"ஒரு வீட்டுக்கு முதல்முதல் போற சாமான். வெறுமனே போகலாமே? நல்ல பினாட்டில ஒரு தட்டு உள்ளுக்கு வைச்சன்."

பினாட்டு! பனம்பழக் களியைப் பாயில் ஊற்றி, வெயிலில் காயவைத்து, தோல்போல உரித்தெடுப்பது. வெக்கை பட்டால் இளகும். இளகினால் தொட்டதை விடாது.

"ராத்தா! அது படத்தில ஒட்டுமே!"

"படம் மடங்காமல் இருக்குமெண்டும் நினைச்சன்," என்றாள் ஹமீதா, குரல் இறங்கி.

மில்ரன் வலையைக் கீழே போட்டுவிட்டு மணலில் குந்திச் சிரித்தான். "போர்த்துக்கீசர் அந்தக் காலத்தில இஞ்ச வந்து கதிரை தந்தவங்கள், அலுமாரி தந்தவங்கள், மேசை தந்தவங்கள்; சாமானும் அவங்கட, பேரும் அவங்கட. இவ்வளவு காலமும் நாங்கள் ஒண்டும் திருப்பிக் குடுக்கேல்ல. ராத்தா ஒராள்தான் முறை தெரிஞ்ச ஆள்!"

"சிரிக்காதேங்கோ! உங்கட போட்டுத் தப்பிச்சுது எண்டு நினைக்கிறியள் என்ன?"

"தப்பிச்சுது மட்டுமே? நாளைக்குச் சுவருக்குச் சுண்ணாம்பும் அடிக்கப்போறன்."

ஆனால் அடிக்கவில்லை. முடிவு வரட்டும் என்று வாளியை மூலையில் வைத்தான். அது கண்ணில் படாமல் நிறஞ்சலா ஒரு பழைய சாக்கால் மூடிவிட்டாள்.

ஒருநாள் பின்னேரம் றுமைஸா போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தாள். "அன்ரி, மெயில் வந்திருக்கு! சொல்லட்டோ? படம் கிடைச்சதாம். ரெண்டு பொம்பிளையளுக்கும் நடுவில, கோப்பை இருக்கவேண்டிய இடத்தில, மண்ணிறமா ஒரு சாமான் ஒட்டியிருக்காம். உரிக்கப் பாத்தா கோப்பையும் சேந்து வருதாம். அது படத்தின்ர பகுதியோ, இல்லாட்டி விபத்தோ எண்டு கேக்கினம்."

"முடிஞ்சுது," என்று நிறஞ்சலா படியில் குந்திவிட்டாள்.

"இன்னும் இருக்கு. நடுவர் ஒராள் மூலையைக் கடிச்சுப் பாத்தவராம். இப்ப மற்றவையும் கேக்கினமாம். தின்னலாமோ எண்டு சுருக்கா அறிவிக்கட்டாம்."

வேலிக்கு மேலால் ஹமீதாவும் முற்றத்தில் நின்ற மில்ரனும் ஒரேயடியாகப் பேசினார்கள்.

"படத்தின்ர பகுதிதான் எண்டு எழுது!" என்றாள் ஹமீதா. "புதுவிதமான படமெண்டு நினைப்பினம்."

"அதுதான் புத்தி," என்று மில்ரனே சொன்னான். "என்ர காதில ஒண்டும் விழேல்ல."

நிறஞ்சலா சுவரைப் பார்த்தாள். கரியில் வரைந்த கொலின்ஸ், கழுதைகள், கொட்டாவி விடும் மில்ரன். பொய் சொல்லி எடுபட்டால், அவர்கள் சிரித்தது தன் கோட்டுக்கா பினாட்டுக்கா என்று காலம் முழுக்கத் தெரியாது.

"உள்ளதை எழுது, றுமைஸா. கோடு என்ர. பினாட்டு ராத்தான்ர. எங்கட ஊரில கோப்பை வெறுமையாப் போகாது, அதைத்தான் நான் கீறினனான். உறை வெறுமையாப் போறதை ராத்தாவால பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் போச்சு. அவ்வளவுதான்."

"கதிரை, அலுமாரியையும் எழுது," என்றான் மில்ரன்.

"வேண்டாம்!"

றுமைஸா அதையும் எழுதிவிட்டாள்.

பதிலுக்கு மெயில் வரவில்லை. ஒரு பொதிதான் வந்தது. தபால்காரர் வாசலில் மணி அடித்தபோது மில்ரன் படகைக் கவிழ்த்து வெள்ளை வர்ணம் பூசிக்கொண்டிருந்தான். ஹமீதாவோடு வேலியைச் சுற்றி ஓடி வந்த றுமைஸா பிரித்தாள். உள்ளே தடித்த ஒரு புத்தகம். தெரிவான படங்கள் எல்லாம் அதில். நடுப்பக்கத்தில் கூன் விழுந்த இரண்டு கிழவிகள், நடுவே பினாட்டு, அதன் மூலையில் தெளிவாகப் பல் அடையாளம். கூடவே ஒரு கடிதம்.

"வாசி, வாசி!" என்று அவசரப்படுத்தினாள் நிறஞ்சலா.

"'உங்கள் படத்தைக் கண்டு முதலில் சிரித்தோம். பினாட்டு எங்களைக் குழப்பியது. உங்கள் பதிலை வாசித்துவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தோம். கூட்டத்தை ஒத்திவைக்கும் அளவுக்குச் சிரித்தோம்.'"

"முதலில சிரிச்சவையாமோ? பினாட்டுக்கு முதல்?"

"ஓம் அன்ரி, முதலில."

"இன்னொருக்கா வாசி."

றுமைஸா மறுபடி வாசித்தாள். மறுபடியும். மூன்றாந்தரம் நிறஞ்சலா ஹமீதாவைப் பிடித்துச் சுழற்றினாள். ஹமீதாவின் செருப்பு ஒன்று கழன்று வர்ண வாளிக்குள் விழுந்தது.

"பொறுங்கோ, அடியில இன்னும் ஏதோ கிடக்கு," என்றாள் றுமைஸா. காய்ந்த அத்திப்பழங்கள், சிவப்பு நாடாவால் கட்டி. சின்னத் துண்டில் ஒரு வரி: "உறை வெறுமையாகப் போகக் கூடாதல்லவா?"

மில்ரன் பழத்தைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். வாளியிலிருந்து செருப்பை எடுத்து ஹமீதாவிடம் நீட்டிவிட்டு, தூரிகையை நிறஞ்சலாவிடம் கொடுத்தான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்தவர்கள் கரையில் கூடிவிட்டார்கள். படகின் முன்முனையான அணியத்தில், வர்ணத்தில், இடப்பக்கம் நிறஞ்சலா, வலப்பக்கம் ஹமீதா. இருவரின் கைகளும் முன்னுக்கு நீண்டு, கூர்முனையில் ஒரே நீலக் கோப்பையைப் பிடித்திருந்தன. கொலின்சும் வந்தார். கடலைப் பார்த்தார், படகைப் பார்த்தார். அவருடைய வயிறு முதலில் குலுங்கியது; சத்தம் பிறகுதான் வந்தது.

"என்ர மூக்கு போட்டைவிட நீட்டு," என்றாள் ஹமீதா.

"காத்தைக் கிழிக்க உதவும், ராத்தா," என்றான் மில்ரன்.

"அது கிடக்கட்டும். பழம் வந்திட்டுது. இப்ப முறை எங்கட. என்னத்தை அனுப்புறது?" என்றாள் ஹமீதா.

"கருவாடு?" என்றான் மில்ரன்.

"அந்த மணத்துக்குப் பிளேனைத் திருப்பிப்போடுவாங்கள்!"

"அப்ப பினாட்டுத்தான்," என்றாள் நிறஞ்சலா. "ஆனா இந்தமுறை படத்தை வேற உறையில வையுங்கோ."

"வேற உறையோ?" ஹமீதா திடுக்கிட்டாள். "அப்ப அதுக்குள்ளயும் ஏதும் வைக்க வேணுமே!"